டென்ஷன் வந்தால் வயிறு ஏன் கலங்குகிறது? பூனைகளைப் பார்த்து விடை கண்ட வால்ட்டர் கேனனின் கதை

வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்து உங்கள் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள். வாய் வறண்டு போகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. நெஞ்சு படபடவென அடிக்கிறது. காலையில் சாப்பிட்ட ரொட்டி வயிற்றில் கல் மாதிரி அப்படியே கிடக்கிறது.

ஏன் இப்படி? தேர்வு எழுதப் போவது மூளை. வயிறு எதற்கு வேலைநிறுத்தம் செய்கிறது?

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் உருப்படியான பதில் கண்டவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் பிராட்ஃபர்ட் கேனன். ஆபத்து வந்தால் எதிர்த்து நில் அல்லது ஓடு என்று உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது என்ற கருத்தை நீங்கள் உயிரியல் பாடத்தில் படித்திருக்கலாம். அது அவர் கொடுத்த கருத்துதான்.

அவர் இறந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அவர் தொடங்கிவைத்த கேள்வி இன்று எதிர்பாராத ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் படுத்திருக்கும் வார்டு அது. அவர் உடலில் சுரக்கும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன், அவருக்குள் புதிதாக வந்திருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை என்ன செய்கிறது?

அதைப் புரிந்துகொள்ள முதலில் கேனனின் வாழ்க்கையைப் பார்த்துவிடலாம்.

ரயில்வே ஊழியரின் மகன்

கேனன் பிறந்தது 1871ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி. ஊர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பிரெய்ரி டூ ஷீன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா ஆசிரியராக இருந்தவர். கேனனுக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா நிமோனியாவில் இறந்துபோனார்.

பதினான்கு வயதில் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். படிப்பில் பையன் அக்கறை காட்டவில்லை என்பது அப்பாவின் எண்ணம். இரண்டு ஆண்டு அங்கே வேலை பார்த்த பிறகுதான் கேனன் மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார். அப்புறம் அவர் படித்த வேகமே வேறு.

பள்ளியில் ஓர் ஆசிரியை அவரை ஹார்வர்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஊக்குவித்தார். கையில் பணம் அதிகம் இல்லை. உதவித்தொகையும் பகுதி நேர வேலையும்தான் துணை. 1896இல் ஹார்வர்டு கல்லூரியில் மிக உயர்ந்த தேர்ச்சியுடன் பட்டம் பெற்று, அதே ஆண்டு அங்கேயே மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

பொத்தான் விழுங்கிய நாய்

அந்த நேரம்தான் உலகமே எக்ஸ்ரே பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் ரோண்ட்கன் அந்தக் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895ஆம் ஆண்டு நவம்பரில். ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. எல்லாரும் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி பௌடிச் சற்று மாற்றி யோசித்தார். உணவு எப்படி விழுங்கப்படுகிறது என்பதை இந்தக் கதிர்களால் உயிருடன் இருக்கும் விலங்கில் பார்க்க முடியுமா? முதலாண்டு மாணவரான கேனனிடமும் ஆல்பர்ட் மோசர் என்ற இன்னொரு மாணவரிடமும் அந்த வேலையைக் கொடுத்தார்.

1896 டிசம்பரில் ஒரு நாய்க்கு முத்துச்சிப்பிப் பொத்தான் ஒன்றை விழுங்கக் கொடுத்தார்கள். பொத்தான் தொண்டையில் இறங்குவது திரையில் நிழலாகத் தெரிந்தது. பிறகு வாத்து இனத்தைச் சேர்ந்த நீண்ட கழுத்துப் பறவை ஒன்றைப் பிடித்துவந்தார்கள். கழுத்து நீளம் என்றால் விழுங்குவதை நீண்ட நேரம் பார்க்கலாம் இல்லையா?

உணவு மட்டும் கொடுத்தால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அதனால் கதிர்களைத் தடுக்கும் பிஸ்மத் உப்பை உணவில் கலந்தார் கேனன். இன்றும் மருத்துவமனையில் வயிற்றைப் படம் எடுக்குமுன் பேரியம் கலந்த வெள்ளைத் திரவத்தைக் குடிக்கச் சொல்வார்களே, அந்த முறைக்கு முன்னோடி இதுதான்.

முறைத்தால் நின்றுபோகும் வயிறு

அடுத்து அவர் பூனைகளை எடுத்துக்கொண்டார். சாப்பிட்ட பூனையின் வயிற்றில் அலை அலையாக ஓர் அசைவு ஓடுவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பொறுமையாக வரைந்து குறித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் சில நேரம் அந்த அசைவு சட்டென்று நின்றுவிடும். கருவியில் கோளாறா? இல்லை. கவனித்துப் பார்த்தால், பூனை எரிச்சலோ பயமோ அடைந்த நொடியில்தான் அது நின்றது. பூனையைத் தடவிக்கொடுத்தால் அமைதியாகும். வயிறு மறுபடி வேலையைத் தொடங்கும்.

வேறு யாராக இருந்தாலும் இதை இடைஞ்சல் என்று நினைத்து, அமைதியான பூனைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஆய்வை முடித்திருப்பார்கள். கேனன் அந்த இடைஞ்சலையே பிடித்துக்கொண்டார். மனத்தில் எழும் ஓர் உணர்ச்சி எந்த வழியாக வயிற்றுக்குப் போகிறது? அவருடைய அடுத்த முப்பது, நாற்பது ஆண்டு வேலை அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

1898இல் வயிற்றின் அசைவுகள் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. 1900இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1901இல் கார்னிலியா ஜேம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். தேனிலவுக்கு மாண்டானா மாநிலத்துக்குப் போன இருவரும் அங்கே ஒரு மலை உச்சிக்கு ஏறினார்கள். அந்த மலைக்கு இன்று கேனன் மலை என்று பெயர். கார்னிலியா பிற்காலத்தில் நாவலாசிரியராகவும் பெயர் எடுத்தார். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள்.

1906இல் பௌடிச்சின் இடத்துக்குக் கேனன் பேராசிரியராக வந்தார். 1942இல் ஓய்வுபெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நாயைப் பார்த்த பூனையின் ரத்தம்

நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி மாதிரி ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதுதான் அட்ரினல் சுரப்பி. அதிலிருந்து வரும் அட்ரினலினை உடலில் செலுத்தினால் இதயத் துடிப்பு கூடும், குடல் அசைவு நிற்கும் என்பது அப்போதே தெரியும். கேனனின் கேள்வி வேறு. பயந்தால் அந்தச் சுரப்பி தானாகவே அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறதா?

இன்றைக்கு என்றால் ரத்தத்தை லேபுக்கு அனுப்பிவிடலாம். அப்போது அவ்வளவு சிறிய அளவை அளக்கக் கருவி கிடையாது. என்ன செய்தார் தெரியுமா?

- அமைதியாக இருந்த பூனையிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார்.
- பிறகு ஒரு நாயைக் குரைக்கவிட்டுப் பூனையை மிரள வைத்தார். மறுபடி ரத்தம் எடுத்தார்.
- குடல் தசையின் சிறு துண்டு ஒன்றை அந்த ரத்தங்களில் மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

அமைதியான ரத்தத்தில் தசை வழக்கம்போலச் சுருங்கி விரிந்தது. மிரண்ட பூனையின் ரத்தத்தில் வைத்ததும் தளர்ந்து நின்றுவிட்டது. அட்ரினலின் செய்யும் அதே வேலை!

1911இல் வெளிவந்த இந்த ஆய்வில் கேனனுடன் சேர்ந்து உழைத்தவர் நம் வட்டாரத்தைச் சேர்ந்தவர். பிலிப்பீன்ஸ் மருத்துவர் டேனியல் டி லா பாஸ். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே ஒரு தென்கிழக்காசியப் பெயரும் இருக்கிறது.

விளையாடாதவர்களுக்கும் சர்க்கரை

பூனைக்குச் சரி, மனிதர்களுக்கு?

அட்ரினலின் கூடினால் கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் விடும். அளவு மிஞ்சினால் சிறுநீரில் தெரியும். 1913இல் ஹார்வர்டு காற்பந்துக் குழுவினர் 25 பேரின் சிறுநீரை, பருவத்தின் கடைசி, பரபரப்பான ஆட்டம் முடிந்த கையோடு சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் காற்பந்து என்பதால் மோதல் கொஞ்சம் கூடுதல்தான். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அதில் ஐந்து பேர் மாற்று ஆட்டக்காரர்கள். திடலில் காலே வைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்!

இன்னொரு சோதனை, உங்களுக்கு நெருக்கமானது. ஒன்பது மருத்துவ மாணவர்களைத் தேர்வு முடிந்ததும் சோதித்தார்கள். கடினமான தேர்வுக்குப் பிறகு நான்கு பேருக்குச் சிறுநீரில் சர்க்கரை. எளிதான தேர்வுக்குப் பிறகு ஒருவருக்கு மட்டும்.

ஆக, ஓடினால்தான் உடல் தயாராகும் என்பதில்லை. ஓட வேண்டியிருக்குமோ என்று மனம் பயந்தாலே போதும். தசைக்கு வேண்டிய சர்க்கரை வந்துவிடும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் வயிற்றைவிட்டுத் தசைகளுக்குத் திரும்பும். சாப்பாட்டைச் செரிக்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உடல் ஒத்திவைத்துவிடும். வாய்மொழித் தேர்வுக்கு முன் உங்கள் வயிற்றில் ரொட்டி ஏன் கல்லாகக் கிடந்தது என்று இப்போது புரிகிறதா?

1915இல் இதையெல்லாம் சேர்த்து, வலி, பசி, அச்சம், ஆத்திரம் ஆகியவற்றின்போது உடலில் ஏற்படும் மாற்றங்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா?

இல்லவே இல்லை. கிளீவ்லந்தில் ஸ்டூவர்ட், ரோகாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு முறையில் அளந்து பார்த்தார்கள். கேனன் சொல்வது போல உணர்ச்சிக்கு ஏற்ப அட்ரினலின் கூடுவதில்லை என்றார்கள். கேனன் ரத்தம் எடுத்த முறையே தவறு என்பது அவர்கள் வாதம். பல ஆண்டுகள் இந்தச் சண்டை ஓடியது.

கேனன் திரும்ப ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ரத்தம் எடுக்கும் பிரச்சினையே வேண்டாம் என்று முடிவு செய்தார். பூனையின் இதயத்துக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, அந்த இதயத்தையே அளவுகோல் ஆக்கினார். நரம்பு இல்லாத இதயம் வேகமெடுத்தால், அதற்குச் செய்தி ரத்தத்தின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பூனை மிரண்டபோது அந்த இதயம் வேகமெடுத்தது. அட்ரினல் சுரப்பிகளைச் செயலிழக்கச் செய்ததும் அந்த வேகம் பெரும்பாலும் போய்விட்டது.

இந்தச் சோதனைகளைப் படிக்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அன்றும் பலருக்கு இருந்தது. விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதை எதிர்த்து அமெரிக்காவில் இயக்கங்கள் நடந்தன. ஆய்வை ஆதரித்து மருத்துவர்கள் சார்பில் பல ஆண்டுகள் வாதாடியவர் கேனன்தான். ஆய்வுக்கூடங்களில் விலங்குகளை எப்படி நடத்தவேண்டும் என்ற விதிமுறைகளை வகுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்லிவிட முடியாது. நரம்பு முனைகளில் வெளியாகும் ரசாயனம் பற்றி 1930களில் அவர் சொன்ன விளக்கம் பிற்பாடு தவறு என்று தெரிந்தது. அந்தத் துறைக்கான நோபெல் பரிசு 1936இல் லோவி, டேல் இருவருக்கும் போனது. பலமுறை பரிந்துரைக்கப்பட்ட கேனனுக்குக் கிடைக்கவில்லை.

போர்முனையும் ஒரு புதுச் சொல்லும்

முதல் உலகப் போரின்போது, 1917இல், நாற்பதுகளின் நடுவில் இருந்த கேனன் குடும்பத்தை விட்டுவிட்டு பிரான்சுக்குப் போனார். காயம்பட்ட வீரர்கள் பலர், காயம் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், ரத்த அழுத்தம் சரிந்து இறந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தைக் கண்டறிவது அவரது பணி.

உடல் எவ்வளவு தூரம் தாங்கும், எங்கே உடைந்துபோகும் என்பதை அவர் அங்கே கண்கூடாகப் பார்த்தார். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே வெப்பம், சர்க்கரை, உப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஓர் எல்லைக்குள் வைத்திருக்க உடல் ஓயாமல் பாடுபடுகிறது. 1926இல் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். தன்னிலை காத்தல் என்று சொல்லலாம். இன்று உலகம் முழுக்க உயிரியல் பாடப் புத்தகங்களில் இருக்கும் சொல் அது.

1920களின் கடைசியில் அவரது ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் கவனித்தது. பூனை மிரண்டால் அதன் ரத்தத்தில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையே கூடியது. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்திருந்த அணுக்களை வெளியே தள்ளுவது ஒரு காரணம். பயம் என்பது இதயத்தையும் வயிற்றையும் மட்டும் தொடும் விஷயம் இல்லை. ரத்தத்தையும் தொடுகிறது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சிங்கப்பூரில் பிறந்த நண்பர்

வடகிழக்கு ரயில் பாதையில் போகிறவர்களுக்கு பூன் கெங் நிலையம் தெரியும். மருத்துவரும் சமூகத் தலைவருமான லிம் பூன் கெங்கின் பெயர் அது. அவரது மகன் ராபர்ட் லிம் 1897இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பெய்ச்சிங்கில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியல் பேராசிரியராக இருந்தார். செரிமானம்தான் அவரது துறையும்.

1935இல் கேனன் வருகைதரு பேராசிரியராகப் பெய்ச்சிங்குக்குச் சென்று ராபர்ட் லிம்முடன் பணியாற்றினார். இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஜப்பான் சீனாமீது படையெடுத்தபோது ராபர்ட் லிம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, போர்முனையில் மருத்துவ உதவியை ஒருங்கிணைத்தார். சீனாவுக்கு மருத்துவ உதவி திரட்ட அமெரிக்காவில் குரல் கொடுத்தவர்களில் கேனனும் ஒருவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போதும் குடியரசுத் தரப்புக்கு மருத்துவ உதவி கிடைக்கப் பாடுபட்டார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த விஞ்ஞானிகளுக்கு வேலை தேடிக் கொடுத்தார்.

உடல் கொடுத்த விலை

இனி கதையின் கசப்பான பகுதி.

1896இல் எக்ஸ்ரே எவ்வளவு ஆபத்தானது என்று சரியாகத் தெரியாது. இன்று பல் மருத்துவர் ஒரு படம் எடுத்தாலே அறையைவிட்டு வெளியே போய்விடுகிறார். கேனனோ சரியான பாதுகாப்பு இல்லாமல், ஒளிரும் திரைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்று பூனையின் வயிற்றை வரைந்துகொண்டிருந்தார்.

பிற்காலத்தில் அவரது தோலில் பிரச்சினைகள் தொடங்கின. பல ஆண்டுகள் வேதனைப்பட்டார். கடைசியில் வெள்ளை அணுக்கள் சார்ந்த புற்றுநோய் அவரைத் தாக்கியது. இளமையில் பட்ட கதிர்களே காரணம் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

1945ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, நியூ ஹாம்ஷியரில் கேனன் காலமானார். வயது 73. ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைப் பாதை பற்றி அவர் எழுதிய நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்தது.

அவர் போன பிறகு என்ன நடந்தது?

கேனன் இறப்பதற்கு எட்டு வாரத்துக்கு முன்தான் ஹிரோஷிமா, நாகசாகி மீது அணுகுண்டு வீசப்பட்டது. கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை அழித்துவிடும் என்பதை உலகம் கொடூரமான முறையில் தெரிந்துகொண்டது. அழிந்த மஜ்ஜைக்குப் பதிலாக இன்னொருவரின் மஜ்ஜையைக் கொடுத்தால் என்ன என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது.

அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957இல் நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்திய முதல் முயற்சிகளை வெளியிட்டார். ஆரம்பத்தில் பெரும்பாலும் தோல்விதான். விடாமல் உழைத்தார். 1990இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சிகிச்சை இப்படித்தான் நடக்கிறது:

- முதலில் கடுமையான மருந்தாலோ கதிர்வீச்சாலோ நோயுற்ற மஜ்ஜையை அழிக்கிறார்கள்.
- பிறகு ரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, ரத்தம் ஏற்றுவது போலவே ரத்தக் குழாயின் வழியாகச் செலுத்துகிறார்கள். அவை நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்தவையாக இருக்கலாம். வேறொருவர் நன்கொடையாகக் கொடுத்தவையாகவும் இருக்கலாம்.
- அந்த அணுக்கள் தாமாகவே எலும்புக்குள் வழிகண்டு போய்க் குடியேறி, சில வாரங்களில் புதிய ரத்தத்தை உருவாக்கத் தொடங்கும்.

நன்கொடையாளரின் அணுக்கள் வந்தால் ஒரு சிக்கல் உண்டு. கூடவே அவருடைய டி அணுக்களும் வரும். நோய் எதிர்ப்புப் படையின் சிப்பாய்கள் அவை. எஞ்சியிருக்கும் புற்றுநோய் அணுக்களைத் தேடிக் கொன்றால் நல்லது. ஆனால் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கினால்? வீட்டுக்குக் காவலுக்கு வந்தவர் வீட்டுக்காரரையே அடிப்பது போல. உயிருக்கே ஆபத்தாகலாம்.

நல்ல தாக்குதல் வேண்டும், கெட்ட தாக்குதல் வேண்டாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் இந்தச் சமநிலையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் அட்ரினலினுக்கு என்ன வேலை?

கேனனுக்குப் பிறகு வந்தவர்கள் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். நரம்பு முனைகளில் வெளியாவது அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலின் என்று 1940களில் தெரியவந்தது. இந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை இருப்பதாக 1948இல் ஆல்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். 1960களில் ஜேம்ஸ் பிளாக், பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனோலால் என்ற மருந்தை உருவாக்கினார்.

முக்கியமான விஷயம், இந்த பீட்டா ஏற்பிகள் இதயத்தில் மட்டும் இல்லை. டி அணுக்களின் மேலும் இருக்கின்றன. அதாவது நீங்கள் பதறும்போது உங்கள் நோய் எதிர்ப்புப் படைக்கும் அந்தச் செய்தி போகிறது. மஜ்ஜைக்குள்ளேயே இந்த நரம்புகள் ஓடுகின்றன. ஸ்டெம் செல்கள் மஜ்ஜையைவிட்டு ரத்தத்துக்கு வருவதில் அந்த நரம்புச் செய்திக்குப் பங்கு இருப்பதாக 2006இல் எலிகளில் காட்டினார்கள்.

2015இல் அமெரிக்காவின் ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் ஒரு சுவாரஸ்யமான முடிவை வெளியிட்டார்கள். ஆய்வுக்கூட எலிகளை வழக்கமாக 22 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள். நமக்கு அது நல்ல ஏர்கான். எலிக்கோ அது குளிர். 30 டிகிரிதான், அதாவது நம் ஊர் வெயில்தான், அதற்குச் சுகம். 22 டிகிரியில் அது சதா லேசான ஸ்ட்ரெஸில் இருக்கும். நார்அட்ரினலினும் கூடுதலாகச் சுரக்கும்.

மஜ்ஜை மாற்றம் செய்த எலிகளை இரண்டு வெப்பநிலையிலும் வைத்துப் பார்த்தார்கள். சுகமாக இருந்த எலிகளில்தான் கெட்ட தாக்குதல் அதிகம்! குளிரில் இருந்த எலிகளில் குறைவு. குளிர்ந்த எலிகளுக்கு பீட்டா தடுப்பு மருந்து கொடுத்ததும் தாக்குதல் கூடியது. சுகமான எலிகளின் பீட்டா ஏற்பியை மருந்தால் தூண்டியதும் குறைந்தது. புற்றுநோயைக் கொல்லும் நல்ல தாக்குதலைக் கெடுக்காமலேயே இது நடக்கலாம் என்று அடுத்த எலி ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் ஸ்ட்ரெஸ் நல்லதா? அவசரப்படாதீங்க.

மறுபக்கமும் இருக்கிறது. நீண்டநாள் நெருக்கடியில் வாழ்பவர்களின் வெள்ளை அணுக்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. வீக்கத்தைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்யும். கிருமிகளை எதிர்க்கும் சில மரபணுக்கள் அடங்கிப் போகும். மாற்றுச் சிகிச்சை பெற்ற ரத்தப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வசதி குறைந்த பின்னணியில் இருப்பவர்களிடம் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. மாற்றம் தெரிந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகமாக இருந்தது.

எனவே ஒரு குழு இன்னொரு வழியில் முயன்றது. தம் சொந்த ஸ்டெம் செல்களையே திரும்பப் பெற்ற 25 மைலோமா நோயாளிகளில் ஒரு பாதிக்கு புரோப்ரனோலால் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் அந்த மரபணு மாற்றம் குறைந்தது. 2020இல் முடிவுகள் வெளிவந்தன. சிறிய ஆய்வுதான். உயிர் காக்குமா என்பதை அது காட்டவில்லை. ஆய்வு நடந்த இடம், கேனன் பிறந்த விஸ்கான்சின் மாநிலம்.

முரண்பாடு புரிகிறதா? சொந்த அணுக்களைப் பெறுபவருக்கு பீட்டா செய்தியை அடைப்பது உதவலாம். நன்கொடையாளரின் அணுக்களைப் பெறுபவருக்கு அதே மருந்து, எலி ஆய்வுகள்படி, பாதகமாகலாம். ஒரே ஹார்மோன், ஒரே ஏற்பி. ஆனால் உடலுக்குள் யாருடைய படை இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

இவை புதுமையான மருந்துகள்கூட இல்லை. ஆஸ்துமாவுக்கு நீங்களோ உங்கள் நண்பரோ பயன்படுத்தும் நீல நிற இன்ஹேலர் தூண்டுவதும் பீட்டா ஏற்பியைத்தான். தாத்தா பாட்டி ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் அடைப்பதும் அதைத்தான். அதற்காக யாரும் தாமாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மருத்துவரிடம்தான் கேட்கவேண்டும்.

நோயாளியிடம் என்ன சொல்வது?

உங்கள் குடும்பத்திலோ நண்பர்களிலோ யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால், பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. கவலைப்படாதே, டென்ஷன் ஆகாதே, மனம் நல்லா இருந்தா எல்லாம் சரியாகிவிடும் என்று.

நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் தனி அறையில் அடைந்து கிடப்பவருக்கு அது இன்னொரு பாரமாகிவிடலாம். நான் பயப்படுவதால்தான் எனக்குச் சரியாகவில்லையோ என்று அவர் தம்மையே குற்றம் சொல்லத் தொடங்கிவிடுவார். அப்படி நினைக்க ஆதாரம் இல்லை. இதுவரை பார்த்த ஆய்வுகளே அதற்குச் சாட்சி. ஸ்ட்ரெஸ் செய்தி சில நேரம் ஒரு பக்கம் சாய்கிறது, சில நேரம் மறுபக்கம் சாய்கிறது. குளிரும் வலியும் தூக்கமின்மையும் பணக் கவலையும் அதில் சேர்த்தி. வெறும் மனவுறுதியால் திறந்து மூடும் குழாய் இல்லை அது.

கேனன் காட்டியதும் அதைத்தான். நாயைக் கண்டு மிரண்ட பூனைக்கு மனம் பலவீனம் என்று அவர் எழுதவில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களுக்கும் தைரியம் இல்லை என்று சொல்லவில்லை. உயிரைக் காக்க உடல் தானாகச் செய்யும் வேலை அது என்றார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அறிவுரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குளிருதா, போர்வை வேணுமா, ராத்திரி தூங்க முடிஞ்சுதா, வீட்டில் ஏதாவது பார்த்துக்கணுமா என்று கேட்டுப் பாருங்கள். கேனனின் பூனைகூட அறிவுரை கேட்டு அமைதியாகவில்லை. யாரோ பக்கத்தில் வந்து தடவிக்கொடுத்த பிறகுதான் அதன் வயிறு மீண்டும் அசையத் தொடங்கியது.